வழுக்காது என்று நான் சொன்ன தரை

போன வாரம் ஒரு கையெழுத்துக்காக அலுவலகம் வந்திருந்தேன். உங்களில் ஒருவர் ஒரு தம்பதிக்குக் கைப்பேசியில் தரைக்கான கலர் காட்டிக்கொண்டிருந்தீர்கள். யார் என்று சொல்லப்போவதில்லை. திரையைத் தள்ளத் தள்ள நாற்பது கலர் வந்தது. அந்த அம்மா ஒன்றைத் தொட்டார், அவர் கணவர் தலையாட்டினார், பத்து நிமிடத்தில் ஆர்டர் எழுதியாயிற்று. நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் விற்றேன். என் காலத்தில் கைப்பேசிக்குப் பதிலாக மெயின்லேண்டிலிருந்து வந்த வழவழப்பான ஒரு புத்தகம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் புத்தகத்தை நம்பி ஒரு வீட்டில் நான் செய்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றே தோன்றியது. நேரில் பேசினால் முட்டி வலி, கப்பல் டிக்கெட் என்று வேறெங்கோ போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன்.

பரமக்குடிப் பக்கத்திலிருந்து போர்ட் பிளேயர் வந்து இறங்கியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. தரை போடும் கொத்தனாராகத்தான் ஆரம்பித்தேன். அப்போதெல்லாம் வீட்டுக்கு வெளியே தரை என்றால் சிமெண்ட் சாம்பல்தான். பிறகு மெல்ல மெல்லக் கலர் கான்கிரீட் வந்தது. பவுடரைக் கலவையிலேயே சேர்த்துப் போடுவது ஒரு வழி. போட்டு இறுகிய பின் மேலே ஸ்டெயின் ஊற்றிச் சாயம் ஏற்றுவது இன்னொரு வழி. இரண்டையும் உங்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள்.

ஆரம்பத்தில் செய்த தப்புகளை நினைத்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. சௌல்தாரியில் ஒரு பாக்குத் தோட்டக்காரர் வீட்டுக்கு, கேட்டிலிருந்து மாட்டுக்கொட்டகை வரை செங்கல் நிறத்தில் பாதை போட்டோம். பாதி முடித்தபோது மழை. குவித்து வைத்திருந்த மணல் நனைந்துவிட்டது. இன்றே முடித்துவிட வேண்டும் என்ற வெறியில், ஊறிய மணலுக்கும் காய்ந்த மணலுக்கும் ஒரே அளவு தண்ணீர் விட்டேன். காய்ந்தபின் பார்த்தால் ஒரு பாதி செங்கல், மறு பாதி வெளுத்த ரோஜா. தோட்டக்காரர் இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஆதா ரொட்டி வெந்திருக்கு, பாதி வேகலயே பாய்" என்றார்.

உடைத்து மறுபடி போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். மாடு அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வராமல் பழக்கிக்கொள்கிறேன் என்று சிரித்தார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இறங்கி அந்தக் கோட்டைப் பார்ப்பேன். அந்தக் காலத்தில் தப்புகூடச் செல்லமாகத்தான் இருந்தது. யாருக்கும் அடிபடாத தப்பு அது.

பத்துபஸ்தியில் ஒரு வீட்டில் செய்தது அப்படியில்லை.

அது புஷ்பம் சிஸ்டர் கட்டிய வீடு. அவருடைய அப்பா அம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். சிஸ்டர் அங்கே தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்து, படித்து, நர்ஸ் ஆகி, தீவு தீவாக மாற்றலாகிப் போய், ஓய்வு பெறும்போது முதல்முறையாகச் சொந்த வீடு கட்டினார். அவர் கணவர் அப்பாராவ், தெலுங்குக்காரர். தீவுகளுக்கிடையே ஓடும் படகில் செராங், அதாவது படகை நடத்துகிறவர். வீட்டில் மனைவியிடம் கற்ற தமிழும் படகில் பேசிய இந்தியும் கலந்து பேசுவார். எல்லோரும் அவரைச் செராங் சாப் என்றுதான் கூப்பிடுவோம்.

வீடு சரிவில் இருந்தது. கேட்டிலிருந்து போர்டிகோ வரை நாற்பதடி நீள ஏற்றப் பாதை. பின்பக்கம் மாலையில் உட்கார ஒரு சிறிய திறந்த தரை. இரண்டுக்கும் கலர் வேண்டும் என்று கேட்டார்கள். நான் புத்தகத்தை விரித்தேன்.

செராங் சாப் ஒரு பக்கத்தில் விரலை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. காப்பிக்கொட்டை நிறத்தில் ஆசிட் ஸ்டெயின் போட்ட பாதை. சிமெண்ட்டிலுள்ள சுண்ணாம்போடு அது சேரும்போது இடத்துக்கு இடம் வேறு வேறாக ஓடி, பழைய தோல் மாதிரி ஒரு அழகு வரும். அதன்மேல் கண்ணாடி போலப் பளபளக்கும் சீலர் பூச்சு.

"பஸ், போதும், இதுதான். நாலு பேர் பார்த்தா செராங் வீடுன்னு சொல்லணும்" என்றார்.

சிஸ்டர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. மழையில வழுக்காதா அண்ணே?"

"வழுக்காது சிஸ்டர். நான் கியாரண்டி" என்றேன்.

அந்தப் பதில் முழுப் பொய் அல்ல. சீலரில் கலப்பதற்கு மணல் போன்ற பொடி ஒன்று உண்டு. அதைக் கலந்தால் பளபளப்புக் கொஞ்சம் குறையும், காலுக்குப் பிடிப்பு வரும். அதைச் சென்னையிலிருந்து வரவழைக்கச் சொல்லியிருந்தேன். ஸ்டெயின் போட்டு முடித்து, கழுவி, காயவிட்டு, சீலர் அடிக்க நாங்கள் தயாரானபோது அந்தப் பொடி இருந்த கப்பல் கிளம்பவே இல்லை. கடல் சரியில்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். கச்சாலிலிருந்து சிஸ்டரின் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டார்கள்.

என் தலைமைக் கொத்தனார் பிஸ்வாஸ், வங்காளி. அண்ணன் என்ற அர்த்தத்தில் என்னைத் தாதா என்பார். அதிகம் பேசாதவர். அன்று மட்டும் பேசினார். "தூள் வரட்டும் தாதா. இப்போ சீலர் வேண்டாம். டல்லா இருந்தா இருக்கட்டும்."

"விசேஷத்துக்குப் பளபளன்னு இருக்கணும்னு ஆசைப்படறாங்க பிஸ்வாஸ். இப்போ ஒரு கோட் அடிப்போம். கப்பல் வந்ததும் தூள் கலந்து மேலே இன்னொரு கோட் போட்டுடலாம்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ரோலரை எடுத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடித்தோம். வெயில் சாய்ந்து விழுந்தபோது அந்தப் பாதை எரிவது போலிருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான தரையை நான் போட்டதில்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

சனிக்கிழமை காலையில் தூறல். போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். கேட்டைத் திறந்து நான்கடி வைத்திருப்பேன், ரப்பர் செருப்பு காலோடு முன்னால் போய்விட்டது. கேட்டுக் கம்பியை எட்டிப் பிடித்ததால் முழுதாக விழவில்லை. முட்டி மட்டும் தரையில் பட்டது. எழுந்து சுற்றிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் சிஸ்டர் போர்டிகோவுக்கு வந்தார். "வாங்க அண்ணே. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் வந்து பார்த்துட்டுப் போறாங்க. இவர் காலையிலேருந்து இதையே பார்த்துக்கிட்டு நிக்கிறார்" என்றார். பின்னால் செராங் சாப் புது லுங்கியில், கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

நீங்கள் இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வரி. இப்போதுதான் நான் வழுக்கி விழப் பார்த்தேன், இந்தப் பளபளப்பை எடுத்துவிடலாம், இல்லையென்றால் சாக்காவது விரிக்கலாம். அந்த வரி வாய்வரை வந்தது. அவர்களுடைய முகத்தைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன்.

"மழை பெஞ்சா ஆளுங்களைப் பின்பக்கமா வரச் சொல்லுங்க சிஸ்டர். புதுப் பூச்சு, கறை பட்டுடும்" என்றேன்.

பாருங்கள், எச்சரிக்கையும் செய்த மாதிரி இருக்கிறது, உண்மையும் சொல்லவில்லை. தரையைக் காப்பாற்றச் சொன்னேனே தவிர, மனிதர்களைக் காப்பாற்றச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. அறுபது எழுபது பேர் அந்தப் பாதையில் ஏறி இறங்கினார்கள். எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். மூன்று பேர் என் நம்பர் வாங்கினார்கள். நான் வயிறாரச் சாப்பிட்டேன். கண்டம் தாண்டிவிட்டது, கப்பல் வந்தால் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை நல்ல மழை. எட்டரை மணிக்குச் சிஸ்டரின் போன் வந்தது.

"அண்ணே, அவர் பால் வாங்கக் கேட்டுக்குப் போனார். விழுந்துட்டார். இடுப்பு எலும்புல அடி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். எங்க வீட்டு ஆளுங்க பாதிப் பேர் இன்னும் அங்கதான் இருக்காங்க, சின்னப் பிள்ளைங்களும் இருக்கு. அந்தப் பாதையில ஏதாவது விரிக்க முடியுமா?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. பிஸ்வாஸை வரச்சொல்லி, இருந்த சாக்கையெல்லாம் பாதை நெடுக விரித்து, காற்றில் பறக்காமல் செங்கல் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். அப்போது என்னோடு தொழில் செய்த இன்னொரு காண்டிராக்டர் போனில் சொன்னார்: "நீ வாயைத் திறக்காதே. மழைக்காலத்துல யாருமே விழுவாங்க. வயசானவர், தலை சுத்தியிருக்கும்." அவர் கெட்டவர் இல்லை. என்மேல் அக்கறையில்தான் சொன்னார். போகிற வழியெல்லாம் அந்த யோசனை நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

வராந்தாவில் சிஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருடம் சீருடையோடு நடந்த வராந்தா. அன்று நனைந்த புடவையோடு, மற்றவர்களைப் போலக் காத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் எதையும் யோசித்து முடிவெடுக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"சிஸ்டர், சனிக்கிழமை காலையில நானும் அங்க வழுக்கி விழுந்தேன். உங்ககிட்ட சொல்லல."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் வெளிய வந்தேனே, அதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

"அப்புறந்தான் புதுப் பூச்சு, கறை படும்னு சொன்னீங்களா?"

"ஆமா."

தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வார்டுல எப்பவாவது மருந்து மாத்திக் குடுத்துட்டா என்ன பண்ணுவோம் தெரியுமா? ஓடிப்போய் அந்த நிமிஷமே டாக்டர்கிட்ட சொல்லிடுவோம். திட்டு விழும், எழுதி வாங்குவாங்க. ஆனா சொல்லிட்டா ஆளைக் காப்பாத்தலாம். ஒரு மணி நேரம் மறைச்சா ஆளே போயிடும். புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு முதல் நாள் அதைத்தான் சொல்வேன். உங்க தொழில்ல அப்படிச் சொல்லித் தர்ற ஆள் யாரும் இல்லையா அண்ணே?"

கலவை, சரிவு, சாயம் எல்லாம் எனக்குச் சொல்லித்தர ஆட்கள் இருந்தார்கள். இதை யாரும் சொல்லவில்லை. நானும் யாருக்கும் சொன்னதில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நானே சாக்கு விரிச்சிருப்பேன்" என்றார். "எனக்கு அந்தக் கலர் பெருசில்ல. அவருக்குத்தான் ஆசை."

மறுநாளே தரையைத் தேய்க்கத் தொடங்கினோம். மழைக்குத் தார்ப்பாய் கட்டி, மெஷின் வைத்து, அந்தப் பளபளப்பு முழுவதையும் எடுத்தோம். பிஸ்வாஸ் ஒரு வார்த்தைகூட 'நான் சொன்னேனே' என்று சொல்லவில்லை. கப்பலும் வந்தது, பொடியும் வந்தது. அதைக் கலந்து மேலே அடித்துவிடலாம் என்று நான் நினைக்கவில்லை. அந்த வீட்டுக்கு அந்தத் தரை தப்பு. சரிவு, மழை, வயதான இரண்டு பேர். இதையெல்லாம் முதல் நாளே நான் கண்ணால் பார்த்தவன். பார்த்தும் புத்தகத்தை விரித்தேன்.

செராங் சாப் வீடு திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வாக்கர் பிடித்துத்தான் நடந்தார். நான் அவர் முன்னால் போய் நிற்கக் கூச்சப்பட்டேன். அவரே கூப்பிட்டார்.

"இத்தனை வருஷம் படகு டெக்குல ஒரு தடவை விழல. என் வீட்டுல விழுந்தேன். ஷரம், வெட்கம் எனக்கு, உனக்கில்ல. நான்தானே ஷைனிங் கேட்டேன்."

"நீங்க கேட்டீங்க சாப். வேணாம்னு சொல்ல வேண்டியவன் நான்."

"அச்சா, ஆதா உன்னோடது, ஆதா என்னோடது. இப்போ புக் கொண்டுவராதே."

புத்தகம் கொண்டுபோகவில்லை. இரண்டடிக்கு இரண்டடி அளவில் ஆறு கான்கிரீட் பலகை வார்த்து, அவர்கள் முற்றத்தில் வெயிலும் மழையும் படும்படி போட்டேன். இவற்றில் பவுடரைக் கலவையிலேயே கலந்திருந்தோம். மேலே வழவழப்பாக இழுக்காமல் காலுக்குப் பிடிப்பு வரத் துடைப்பத்தால் கோடு போட்டிருந்தோம். பழைய தரையின்மேல் இப்படியொரு அடுக்குப் போடுவதுதான் என் திட்டம். மூன்று வாரம் அப்படியே கிடக்கட்டும், தினமும் பாருங்கள், கடைசியில் சொல்லுங்கள் என்றேன்.

அந்த மூன்று வாரம் எனக்கு இப்போதும் இனிக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்து நான் போவேன். சிஸ்டர் தேங்காய்ப்பால் விட்டு ஏதாவது செய்து வைத்திருப்பார். மூன்று பேரும் அந்த ஆறு பலகைகளைச் சுற்றி உட்கார்ந்து, ஏதோ பிள்ளைகளின் பரீட்சை மார்க்கைப் பேசுவதுபோலப் பேசுவோம். கறுப்புப் பலகை முதல் வாரமே போயிற்று. மத்தியான வெயிலில் சிஸ்டர் வெறுங்காலை வைத்துவிட்டு உடனே எடுத்துவிட்டார். வெள்ளை கலந்த பலகை செம்மண் தெறித்து மூன்றே நாளில் அழுக்கானது. பச்சை கலந்த சாம்பல் நிறம் எனக்குப் பிடித்திருந்தது. அதில் எந்த அழுக்கும் தெரியவில்லை என்று சொன்னேன்.

சிஸ்டர் குனிந்து விரலால் தேய்த்தார். பாசி வந்தது. "இது மேலயும் பாசி பிடிச்சிருக்கு அண்ணே. கலர் ஒண்ணா இருக்கிறதால தெரியல. பாசி வந்தா நமக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தானே கழுவுவோம்."

இத்தனை வருடத் தொழிலில் அது எனக்குத் தோன்றியதில்லை. அழுக்கைக் காட்டாத கலர் நல்ல கலர் என்றே எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

இன்னொன்றும் கழிந்து, கடைசியில் இரண்டு பலகை மிஞ்சின. ஒரு மழை நாளில் செராங் சாப் நாற்காலியைப் பக்கத்தில் போடச் சொல்லி உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றின் மேலும் காலை வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்தார்.

"கண்ணைத் திறந்து கலரைப் பாருங்களேன்" என்றார் சிஸ்டர்.

"கலர் நீ பாரு. பாவ்ல புடிக்குதான்னு நான் பார்க்கறேன்" என்று காலைத் தட்டிக் காட்டினார்.

இரண்டு பேரும் ஒரே பலகையைச் சொன்னார்கள். வெந்த செங்கல்லுக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு நிறம். படம் எடுத்துப் புத்தகத்தில் போட்டால் யாரும் அந்தப் பக்கத்தில் நிற்கமாட்டார்கள். மழை விட்ட நாட்களாகப் பார்த்துப் போட்டு முடித்தோம். தரை உயர்ந்ததால் கேட்டின் அடிக்கம்பியை இரண்டு அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது. வாக்கரை விட்டுவிட்டு, சிஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு, செராங் சாப் மழையில் கேட்டுவரை போய்த் திரும்பினார்.

அதன்பின் எனக்கு வந்த வேலைகளில் பாதி சிஸ்டர் அனுப்பியவை. என்னைப் பற்றி எல்லோரிடமும் என்ன சொல்வார் என்று ஒருவர் எனக்குச் சொன்னார். "தப்புப் பண்ணுவார். ஆனா வந்து சொல்லிடுவார். அப்படிப்பட்ட ஆள் வேணும்னா அவர்கிட்ட குடுங்க" என்பாராம். இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை. சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அதனால் கைப்பேசியில் கலர் காட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன் அந்த வீட்டில் யார் வெறுங்காலோடு நடப்பார்கள், மழையில் யார் கேட்டைத் திறக்கப் போவார்கள் என்று கேளுங்கள். உங்களுக்கே வழுக்கினால், எழுந்து நின்றதும் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். செருப்பைச் சரிசெய்துகொண்டு சிரிக்காதீர்கள்.

செராங் சாப் போன வருடம் காலமானார். தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று காலையிலிருந்து விடாத மழை. படகில் அவரோடு வேலை பார்த்த நான்கு பேர், செருப்பில்லாமல், அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போர்டிகோவிலிருந்து சரிவில் இறங்கினார்கள். முன்னால் போன இருவருக்கும் வயது அறுபதுக்கு மேல். தரையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் குடையை மடக்கிவிட்டு ஓரமாக நின்றேன்.

சிஸ்டர் வாசலில் நின்றார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அந்த நான்கு பேரின் பாதங்களை. ஒவ்வொரு அடியாக, நாற்பதடியும். யாருக்கும் கால் இடறவில்லை. அவர்கள் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கிய பிறகுதான் அவர் அழுதார்.